ஹெடர் மாட்டிய பிறகு

ஜூன் 8, சனி

தினமும் எழுதுங்கள், முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள் என்றார் டாக்டர். டிசம்பரில் கார் கவிழ்ந்த பிறகு தூக்கம் சரியில்லை என்று சொன்னதற்கு அவர் தந்த வைத்தியம் இது. சரி, எழுதுகிறேன்.

என் பெயர் வாசுகி. வயது நாற்பத்திரண்டு. கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் டெஸ்டிங் லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராலி கார்ப் பந்தயத்தில் ஓட்டுகிறேன். கார் பழைய 1300 சிசி ஹேட்ச்பேக். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை நோட்டைப் பார்த்துப் படிப்பவன் கிருபாகரன். ஒன்பது வருஷமாக அவன்தான் என் நேவிகேட்டர். எனக்கு ஏழு வயது இளையவன். சிங்காநல்லூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். என் காரைத் தொடும் ஒரே மெக்கானிக்கும் அவன்தான். டிசம்பரில் இருவரும் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது முதலில் கேட்ட குரல் அவனுடையது. "அக்கா, இருக்கீங்களா?"

இன்று கார் திரும்பி வந்தது. பழைய வார்ப்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, புகை தடையில்லாமல் போக நான்கு நீளக் குழாய்கள் கொண்ட ஸ்டீல் ஹெடர் மாட்டியிருக்கிறது. ஒரு நாள் வேலை என்று சொன்னவன் நான்கு நாள் எடுத்துக்கொண்டான். மேனிஃபோல்டைப் பிடிக்கும் பழைய ஸ்டட் ஆணி ஒன்று உள்ளேயே முறிந்துவிட்டதாம், வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகத்தை, ஹெட்டையே இறக்க வேண்டியதாகிவிட்டதாம்.

"சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு வந்திருப்பேனே கிருபா."

"உங்களுக்கு எதுக்குங்க்கா சிரமம். எல்லாம் நானே பாத்துட்டேன்."

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஐடிலில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டபோது, தைத்து வைத்ததுபோல் ஆடாமல் நின்றது. முன்பெல்லாம் சிக்னலில் நின்றால் வண்டி குலுங்கும், பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்ப்பார். இப்போது ஷோரூமிலிருந்து எடுத்த வண்டி மாதிரி. ஹெடர் இவ்வளவு செய்யும் என்று நினைக்கவில்லை.

ஜூலை 7 ராலிக்கு இன்னும் நான்கு வாரம்.

ஜூன் 9, ஞாயிறு

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் கிளப்புக்குத் தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் எங்கள் மண் பாதை இருக்கிறது. சுற்று இரண்டேகால் கிலோமீட்டர். நடுவில் ஒரு மேடு. ஏறும்போது வானம் மட்டும்தான் தெரியும், அந்தப் பக்கம் பாதை எங்கே திரும்புகிறது என்று தெரியாது. கிருபா "ஃபுல்லு" என்பான். நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போவேன். அவ்வளவுதான்.

போன மாதம் என் நேரம் ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. இன்று இரண்டு நிமிடம் ஆறு.

எட்டு விநாடி! ராலியில் எட்டு விநாடி என்றால் முதல் இடத்திலிருந்து பட்டியலின் அடிவரை. கீழ் வேகத்தில் நன்றாகவே இழுக்கிறது. ஐயாயிரம் ஆர்பிஎம் தாண்டினால் ஈரச் சாக்கைக் கட்டி இழுப்பதுபோல் ஆகிறது. காலை விட்டால் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறது. எஞ்சின் விளக்கும் எரிகிறது.

"ஹெடர் சேரலைங்க்கா. குழாய் பெருசாயிருச்சு," என்றான் கிருபா.

குழாய் பெரிதானால் கீழே இழுவை குறைந்து மேலே கூட வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது. சொன்னேன். அவன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே "ஒவ்வொரு வண்டி ஒவ்வொரு மாதிரிங்க்கா" என்றான்.

ஜூன் 12, புதன்

தண்ணீர் பதினோரு நாள் கழித்து வந்தது. மூன்று டிரம்மும் நிரப்பினேன். மாவு ஆட்டவில்லை.

ஜூன் 15, சனி

கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன். வேக்குவம் கிளீனரைத் திருப்பி மாட்டி, சைலன்சர் வாய் வழியாகக் காற்றை ஊதவிட்டு, ஹெடர் ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். மூன்றாவது சிலிண்டர் ஜாயிண்டில் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. கசிவு வழியாக வெளிக்காற்று நுழைந்து ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றியிருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது. வெடிப்புக்கும் விளக்குக்கும் காரணம் இதுதான்.

கிருபா முதலிலிருந்தே கூட நின்று பாட்டிலும் டார்ச்சும் பிடித்தான். புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நட்டுகளைச் சமமாக முறுக்கினோம். அவன் மாட்டிய ஜாயிண்ட் கசிந்து நான் பார்த்ததே இல்லை. அவசரத்தில் விட்டிருப்பான். வீட்டில் என்ன கஷ்டமோ. மதியம் சாப்பிட்டுப் போகச் சொன்னேன், இருக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு என்றால் பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுகிறவன்.

ஜூன் 16, ஞாயிறு

வெடிப்பு நின்றுவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது.

இரண்டு நிமிடம் ஐந்து.

வண்டியை ஓரமாக நிறுத்தி, இருவரும் இறங்கித் தண்ணீர் குடித்தோம். கிருபா ரொம்ப நேரம் காற்றாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"வண்டிக் கோளாறு ரெண்டு மூணு செகண்டுதானுங்க்கா இருக்கும். மீதி… மேட்டுல நீங்க கால எடுக்கறீங்க."

"எடுக்கறனா?"

"லேசா. உங்களுக்கே தெரியாது. டிசம்பருக்கு அப்பறந்தான். நான் பக்கத்துல உக்காந்திருக்கறதால தெரியுது. யாருக்கா இருந்தாலும் வருமுங்க்கா, அதுல ஒண்ணும் அசிங்கமில்ல."

எனக்கு முகம் சுட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வலது காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எடுத்தேனா? எடுத்ததாக நினைவில்லை. ஆனால் தெரியாமலே எடுக்கிறேன் என்றுதானே சொல்கிறான். ஒன்பது வருஷத்தில் அவன் தப்பாகச் சொன்ன ஒரு வளைவுகூடக் கிடையாது.

இதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்.

ஜூன் 17, திங்கள்

தூக்கமில்லை.

ஜூன் 20, வியாழன்

லேபில் யாருக்கும் சொல்லாமல் பழைய வேக்குவம் மீட்டரை எடுத்து வந்தேன். எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கும் பலத்தை அது காட்டும். ஐடிலில் இருபது. முள் அசையவே இல்லை.

என் எஞ்சினுக்கு இது பதினாலுதான் இருக்கும். ஐந்து வருஷமாகப் பதினாலு. முள் ஆடிக்கொண்டே இருக்கும். வால்வுகளை அதிக நேரம், அதிக உயரம் திறந்து வைக்கும் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சின் அப்படித்தான் மூச்சு வாங்கும். 2019-இல் அந்தக் கேமுக்கு ஏற்ற மாதிரி ஹெட்டின் துவாரங்களை நானும் கிருபாவும் மூன்று மாதம் ஞாயிறு தோறும் எமரி தாளால் தேய்த்துப் பெரிதாக்கினோம். என் விரல் நுனிகளில் தோல் உரிந்து, லேபில் பயோமெட்ரிக் என்னை அடையாளம் காணாமல் போயிற்று. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இருபது என்பது எதுவும் மாற்றாமல் கார் கம்பெனியிலிருந்து வரும் எஞ்சினின் அளவு.

மீட்டர் பழசு. நாளை வேறொன்று எடுத்து வரவேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

வேறு மீட்டர். இருபது.

ப்ளக்குகளைக் கழற்றினேன். கசிவை அடைத்த பிறகும் நான்கும் கறுத்திருந்தன. என் கேமுக்காக எழுதிய அளவில் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றுகிறது, எஞ்சினால் அதைக் குடிக்க முடியவில்லை. ஃபில்டர், பெட்ரோல் பிரஷர் எல்லாம் சரி.

சமையலறையிலிருந்து வந்து பார்த்தார் என் கணவர் சேகர். பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவர், காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "கிருபாகிட்ட கேட்டியா?" என்றார்.

"கேக்கணும்."

"ஏன் கேக்கல?"

கை எல்லாம் கரியாக இருக்கிறது, கழுவிவிட்டு வருகிறேன் என்றேன்.

ஜூன் 22, சனி

மேட்டில் காலை எடுக்கும் பழக்கத்தை விட வேண்டும் என்றால் எங்கே எடுக்கிறேன் என்று முதலில் தெரிய வேண்டும். பம்பு டெஸ்டுக்கு வைத்திருக்கும் சின்ன ரிக்கார்டரை இரவல் வாங்கி, ஆக்சிலேட்டர் சென்சார் ஒயரிலும் ஆர்பிஎம் ஒயரிலும் இணைத்தேன். கிருபாவுக்கு இன்று வேலையாம். கிளப்பிலிருந்து ஒருவர் பாதை ஓரத்தில் காவலுக்கு நிற்க, தனியாகவே நான்கு சுற்று ஓட்டினேன்.

கோடுகளை லேப்டாப்பில் விரித்துப் பார்த்தேன். மேடு ஏறும் இடத்தில், நான்கு சுற்றிலும், ஆக்சிலேட்டர் நூற்றுக்கு நூறு. ஒரு நூலிழைகூட இறங்கவில்லை. பக்கத்தில் யாரும் படிக்காமலே நான் காலை எடுக்கவில்லை.

ஆர்பிஎம் கோடு ஐயாயிரத்து அறுநூற்றில் படுத்துவிட்டது. என் எஞ்சின் ஏழாயிரம் போகும்.

கிருபா தப்பாகப் பார்த்திருப்பான். நோட்டைப் பார்த்துப் படிக்கிறவனுக்கு என் கால் எப்படித் தெரியும்? அவன் நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

போன் செய்து இதைச் சொன்னேன். "அப்படீங்களா, நல்லதுங்க்கா," என்றான்.

ஜூன் 23, ஞாயிறு

செட்டிபாளையத்தில் கிளப் பயிற்சி. என் காரை எடுத்துப் போகவில்லை. ராலிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட மட்டும் போனேன்.

அபிநந்தன் வந்திருந்தான். முப்பது வயது, மில் வைத்திருக்கும் குடும்பம், இந்த வருஷம் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓட்டுகிறான். அவனுக்கும் என் மாடல் கார்தான். பெயர்ப் பட்டியல் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை.

குலுங்கியது. மூன்று துடிப்பு, ஒரு தடுமாற்றம், மறுபடி மூன்று துடிப்பு.

பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். என் வண்டி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் அபியின் நீல வண்டி. பக்கத்து இருக்கையிலிருந்து கிருபா இறங்கினான். என்னைப் பார்த்தான். கையைத் தூக்கி வணக்கம்போல ஒன்று செய்துவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

அதே கடையில் அதே மாதிரி கேம் வாங்கியிருக்கலாம். நிறையப் பேர் வாங்குகிறார்கள்.

ஜூன் 24, திங்கள்

லீவு.

எஞ்சினின் மேல் மூடியைக் கழற்ற ஐந்து நிமிடம்தான் ஆகும். பதினாறு நாளாக நான் அதைக் கழற்றவில்லை. கேஸ்கெட், சென்சார், ப்ளக், ஃபில்டர் என்று சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர இந்த மூடியைத் தொடவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

கழற்றினேன். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினேன். வால்வு ஏழு மில்லிமீட்டர் திறக்கிறது. என் கேம் ஒன்பதேகால் திறக்கும். இன்டேக் பைப்பை இறக்கி விரலை விட்டுப் பார்த்தேன். துவாரத்துக்குள் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. எமரி தாள் பட்டதே இல்லை.

கேம் மட்டும் இல்லை. ஹெட்டே என்னுடையது இல்லை.

தரையில் உட்கார்ந்தேன். சேகர் பள்ளி விட்டு வந்து பார்க்கும்போதும் அங்கேயேதான் இருந்தேனாம். காப்பி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கிருபா ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஹெட் எங்க, கிருபா?"

எந்த ஹெட் என்று கேட்பான் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். கேட்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"டீ சொல்லட்டுங்களா அக்கா?"

"வேண்டாம்."

"ரெண்டே வாரத்துக்குனுதானுங்க்கா எடுத்தேன். அபி வண்டியில ஹெட்டு வெடிப்பு உட்ருச்சு. டெஸ்ட் ஓட்டத்துக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. உங்க வண்டி இங்க நின்னுக்கிட்டிருந்துச்சு. மாட்டி ஓட்டிட்டு, திருப்பிக் கொண்டாந்து மாட்டீரலாம்னு… ஆனா அது அவன் கையில அப்படிப் போச்சுங்க்கா. அப்பறம் கழட்டறேன்னு எப்படிச் சொல்றது?"

"ஸ்டட் முறிஞ்சது?"

"முறியலீங்க."

"அபிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. பழைய ஹெட்டு ஒண்ணு கெடச்சுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்டா."

"தெரியுமுங்க்கா." முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். "கேட்டா குடுப்பீங்க. எதுக்குன்னும் கேப்பீங்க. அவங்கூட நான் உக்காரப் போறதைச் சொல்லணும். அது எனக்கு வாய் வரலீங்க்கா."

சொல்லியிருக்கலாம். தேசிய சாம்பியன்ஷிப்பில் உட்காரும் வாய்ப்பு முப்பத்தைந்து வயதில் இரண்டாவது முறை வராது. நானே அவனைத் தள்ளிவிட்டிருப்பேன். இரண்டு நாள் அழுதிருப்பேன், அது வேறு விஷயம்.

"சரி. நான் கால எடுக்கறேன்னு சொன்னியே. அது எதுக்கு?"

கழற்றிய நட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட ஆரம்பித்தான்.

"எதுக்குன்னு கேட்டேன்."

"நீங்க எஞ்சினையே நோண்டிக்கிட்டிருந்தீங்க. உங்களப்பத்தித் தெரியும், உட மாட்டீங்க. எப்படியும் மேல் மூடி வரைக்கும் வந்துருவீங்கன்னு பயம். வேற பக்கம் திருப்பி உடலாம்னு…"

"நான் எடுக்கலைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க்கா. நீங்க எடுக்க மாட்டீங்க."

ஹெட் போனதற்கு நான் அழவில்லை. இதற்கும் அவன் முன்னால் அழவில்லை. ஒரு வாரம், ஏழு நாள், லேபில் மோட்டார் சுற்றும்போதும், தோசை திருப்பும்போதும், படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும்போதும், நான் பயந்தவளாகிவிட்டேன் என்று நம்பியிருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். இங்கே எழுதவில்லை. அப்போதெல்லாம் அவனுக்கு உண்மை தெரியும். சோப்புத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, டார்ச்சைச் சரியான இடத்தில் காட்டிக்கொண்டு, கசிவைக் கண்டுபிடித்தபோது "சூப்பருங்க்கா" என்று சொல்லிக்கொண்டு நின்றவனுக்கு.

"ராலி முடிஞ்ச அடுத்த நாளே மாட்டிக் குடுத்தர்றேனுங்க்கா. சத்தியமா."

"என் வண்டியில இனிமே கை வைக்காத," என்றேன். வெளியே வந்து ஸ்கூட்டரைத் தப்பான பக்கம் திருப்பி, ஒண்டிப்புதூர் வரை போய்த்தான் உணர்ந்தேன்.

ஜூன் 27, வியாழன்

கிளப்புக்குப் போன் செய்து பெயரை எடுக்கச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். வண்டி தயாரில்லை என்றேன்.

ஜூலை 1, திங்கள்

சேகர் சொல்கிறார், கிளப்பில் புகார் கொடு என்று. கொடுத்தால் கிருபாவின் போட்டி லைசென்ஸ் போகும். அபி ஞாயிற்றுக்கிழமை ஓட்ட முடியாது. எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய" என்பதைத் தாண்டவில்லை.

ஜூலை 4, வியாழன்

சாயங்காலம் வாசலில் அபிநந்தனின் வண்டி வந்து நின்றது, பந்தயத்துக்கான நீல வண்டி இல்லை, வீட்டு வண்டி. பின்கதவைத் திறந்தான். பெட்ஷீட்டில் சுற்றி, கயிறு கட்டி, என் ஹெட். கேமும் உள்ளேயே இருந்தது.

"நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுதுங்க்கா," என்றான். "நீங்க பேரை எடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டு, ஏன்னு அவருகிட்டக் கேட்டேன். சொல்லிட்டாரு. ஒடனே கழட்டச் சொல்லிட்டேன். எங்க வண்டிக்குக் கம்பெனி ஹெட்டு மாட்டியாச்சு, போற வரைக்கும் போகட்டும். மன்னிச்சுக்குங்க."

நானும் சேகருமாக இறக்கி வைத்தோம். காப்பி குடித்தான். எழுந்து போகிறவன் போகாமல் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றான்.

"அக்கா, இதை உங்ககிட்டத்தான் கேக்க முடியும். ஞாயித்துக்கெழமை அவரு 'ஃபுல்லு'ன்னு படிச்சா, நம்பி நான் கால வெக்கலாமுங்களா?"

சேகர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். சொல்லக்கூட வேண்டாம், கொஞ்சம் தயங்கினால் போதும். அபி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான். இந்த ஊரில் எந்த ஓட்டுநரும் அதன் பிறகு கிருபாவைப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார். ஒன்பது நாளாக அப்படி ஒரு வார்த்தையைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்க ஆள் வீடு தேடி வந்து நிற்கிறான்.

"வைக்கலாம் அபி," என்றேன். "பெல்ட் போட்டு உக்காந்துட்டான்னா அவன் பொய் சொல்ல மாட்டான்."

"அப்ப டிசம்பர்ல வண்டி கவுந்தது?"

"அன்னைக்கு அவன் பிரேக்குன்னு சரியாத்தான் சொன்னான். நான்தான் கேக்கல."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கிருபாவும் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பாதையில் கல் கிடந்தது என்றுதான் சொல்லி வந்திருக்கிறான்.

அபி தலையாட்டிவிட்டுப் போனான். கதவைச் சாத்திய பிறகு அழுகை வந்தது. கிருபா எப்போதுமே பொய்யனாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று சேகரிடம் சொன்னேன். அவர் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தார். "மாட்டறதுக்கு என்ன வேணும், சொல்லு, நான் எடுத்துத் தர்றேன்," என்றார்.

"இன்னைக்கு வேண்டாங்க."

ஜூலை 7, ஞாயிறு

காலையில் தண்ணீர் வந்தது. டிரம் நிரப்பினேன், துணி துவைத்தேன், இரண்டு நாள் மாவுக்கு அரிசி ஊறப்போட்டேன். ராலி எட்டு மணிக்குத் தொடங்கியிருக்கும். சேகர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார், நான் ராலியையே நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான்.

நான்கு மணிக்குக் கிளப் வாட்ஸ்அப் குழுவில் முடிவு வந்தது. அபிநந்தன் – கிருபாகரன், நான்காவது இடம். கம்பெனி ஹெட்டோடு நான்காவது. அபி நன்றாக ஓட்டியிருக்கிறான், கிருபாவும் நன்றாகப் படித்திருக்கிறான். கைதட்டும் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் எழுதாமல் இருந்தால் கவனிப்பார்கள். "வாழ்த்துகள் அபி" என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குக் கிருபா உடனே ஒரு கும்பிடு போட்டான். "எல்லாம் எங்க அக்கா ஆசீர்வாதம்" என்று அடியில் எழுதினான். பதினான்கு பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

குழுவிலிருந்து விலகவா என்று போன் கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். சட்டையை மாற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சேகர் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பத்தாம் நம்பர் ஸ்பானர் எது என்று அவருக்குத் தெரியவில்லை. காட்டிக் கொடுத்தேன்.